பிரச்சினைக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள்: வேலையிலும் வீட்டிலும் தெருவிலும் சிக்கலைப் பிரித்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில், பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒரு மாசி மாதம் நைட் ஷிஃப்டில் மட்டும் ரிங் பிரேம்களில், அதாவது நூல் நூற்கும் மிஷின்களில், நூல் அறுந்துகொண்டே இருந்தது. காலையில் ரிப்போர்ட்டைப் பார்த்த மேனேஜர் சொன்னது ஒரே வாக்கியம்: "நைட் ஷிஃப்ட் பசங்க தூங்கறாங்க." அத்தோடு பிரச்சினைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. மற்றதெல்லாம் தானாக நடந்தது. இரண்டு பேருக்கு மெமோ, ஒரு சூப்பர்வைசருக்கு ஷிஃப்ட் மாற்றம், கேமரா வாங்கக் கொட்டேஷன். நூல் மட்டும் முன்பு போலவே அறுந்தது.

அந்தக் கதையின் மீதியைப் போகப்போகச் சொல்கிறேன். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் வெவ்வேறு பக்கமிருந்து பார்க்கப்போகிறோம். பிரச்சினை என்று நாம் முதலில் சொல்லும் வாக்கியத்துக்குள் பெரும்பாலும் ஒரு குற்றவாளி உட்கார்ந்திருப்பார். இல்லாவிட்டால், நமக்கு ஏற்கெனவே பிடித்துப்போன ஒரு தீர்வு உட்கார்ந்திருக்கும். "மருமகள் சரியில்லை" முதல் ரகம். "பெரிய டேங்க் கட்டணும்" இரண்டாம் ரகம். இரண்டிலுமே என்ன நடக்கிறது என்ற தகவல் கிடையாது.

அதற்கும் முன்னால்: கசிவை நிறுத்துங்கள்

மிஷினில் புகை வந்தால் மெயின் சுவிட்சை அணைப்பதுதான் முதல் வேலை. ஏன் புகைந்தது என்று நின்று யோசிப்பவனை யாரும் புத்திசாலி என்று சொல்ல மாட்டார்கள். வாழ்க்கையிலும் சில விஷயங்கள் அப்படித்தான். வங்கிக் கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் போயிருந்தால், யார் கேட்டு ஓ.டி.பி. சொன்னீர்கள் என்று வீட்டில் விசாரணை நடத்தாமல் உடனே 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு. வீட்டில் ஒரு பெண்ணுக்கு அடி விழுகிறது என்றால் 181, குழந்தைக்கு என்றால் 1098, வயதானவருக்கு என்றால் 14567. 'ஏன் அடிக்கிறார்' என்று காரணம் தேடுவது அடி வாங்குகிறவரின் வேலை இல்லை. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றும் அளவுக்கு மனசு கனத்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இதற்கெல்லாம் காகிதமும் பேனாவும் அப்புறம்.

முதலுதவிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வலி குறைந்தவுடன் அதுவே சிகிச்சை என்று நினைத்துவிடுவோம். ஒழுகும் இடத்தில் இன்றைக்கு மட்டும் என்று வைத்த பக்கெட் நான்கு வருடம் அங்கேயே இருக்கும். 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். ஜூலை 12ஆம் தேதி வில்லிவாக்கம் வந்த முதல் ரயிலில் 50 வேகன், சுமார் 25 லட்சம் லிட்டர். அது முதலுதவி, அன்றைக்கு அவசியமான முதலுதவி. எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்ற சட்டமோ 2003லேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் குழி தோண்டி ஜல்லி கொட்டினோம். அதன் மூடியை எட்டு வருடம் நான் திறந்து பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 2019இல் திறந்தபோது உள்ளே வண்டல் கெட்டியாகிச் சிமென்ட் தளம் போல இருந்தது.

படி 1: வாக்கியத்தை எழுதுங்கள், பிறகு அடியுங்கள்

மனதில் எப்படி வருகிறதோ அப்படியே பிரச்சினையை ஒரு வரியில் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை. அப்புறம் பேனாவை எடுத்து மூன்று வகைச் சொற்களை அடியுங்கள். ஆட்களின் பெயர், ஆட்களின் குணம். "வேண்டும்", "கட்டணும்", "மாத்தணும்" போன்ற தீர்வுச் சொற்கள். "எப்பவுமே", "யாருமே", "ஒரு நாள்கூட" போன்ற மிகைச் சொற்கள்.

எங்கள் மேனேஜரின் வாக்கியத்தில் இப்படி அடித்தால் "நைட் ஷிஃப்ட்" என்ற இரண்டே சொல் மிஞ்சும். எங்களுக்கு உண்மையில் தெரிந்திருந்தது அவ்வளவுதான்.

மிஞ்சிய எலும்பில் சதை போடுங்கள்: என்ன நடக்கிறது, எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு, எப்போதிலிருந்து. பதில் தெரியாத இடத்தில் காலி விடுங்கள். அந்தக் காலி இடம்தான் அடுத்த வேலை.

"இல்லை" என்று முடியும் வாக்கியங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஆள் இல்லை, நேரம் இல்லை, பணம் இல்லை. இவை எல்லாமே தீர்வு கைவசம் இல்லை என்று சொல்கிற வாக்கியங்கள். "இருந்திருந்தால் எது நடந்திருக்காது?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். என் நண்பர் ஒருவர் "சம்பளம் பத்தல" என்று பத்து வருடமாகச் சொல்லி வந்தார். ஒரு வருடக் கணக்கை உட்கார்ந்து எழுதியபோது ஒன்பது மாதம் அவருக்குப் பத்தியிருக்கிறது. ஜூனில் பள்ளிக் கட்டணம், அக்டோபரில் தீபாவளி, ஜனவரியில் இன்ஷூரன்ஸ். இந்த மூன்று மாதம் வாங்கும் கடனுக்கு மற்ற ஒன்பது மாதம் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். வருடா வருடம் அதே சமயத்தில் வரும் செலவை ஒவ்வொரு முறையும் திடீர்ச் செலவு என்று அழைத்திருக்கிறார். அந்த மூன்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் தனிக் கணக்கில் போடுகிறார் இப்போது. சம்பளம் அதேதான்.

படி 2: நடக்கிற நேரத்தில், நடக்கிற இடத்தில் போய் நில்லுங்கள்

மேனேஜர் காலை ஒன்பது மணிக்கு வருவார். நூல் அறுவது நள்ளிரவில். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது ரிப்போர்ட் என்ற ஒரு காகிதம்.

ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மூன்று இரவு ரிங் பிரேம் பகுதியில் உட்கார்ந்தேன். முதல் இரவு எல்லாரும் என்னைப் பார்த்துப் பயந்து சுறுசுறுப்பாக இருந்தார்கள். அந்த இரவுக் கணக்குக்கு மதிப்பில்லை. இரண்டாம் இரவிலிருந்து என்னை மறந்துவிட்டார்கள். இருபத்து நான்கு மிஷினுக்கும் கட்டம் போட்டு, நூல் அறும்போதெல்லாம் ஒரு கோடு. காலையில் பார்த்தால் கோடுகள் பரவலாக இல்லை. மேற்குக் கதவுப் பக்கம் இருக்கும் ஐந்து மிஷினில் மொய்த்துக் கிடந்தன. நேரமும் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை. பசங்கள் தூங்குவதுதான் காரணம் என்றால், ஐந்து மிஷின் மட்டும் எப்படித் தூங்கும்?

மேற்குக் கதவைப் பார்த்தேன். கீழே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் குடோன். லாரியில் நூல் சுற்றிய கோன்களின் பெட்டியை ஏற்றுகிறார்கள். மாசி மாதத்துக் காய்ந்த காற்று குடோன் வழியாக நேராக உள்ளே அடிக்கிறது. பருத்தி நூற்கும் இடத்தில் காற்றின் ஈரப்பதம் சுமாராக 55 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் இழை மொரமொரப்பாகும், மின்னேற்றம் ஏறிச் சிலிர்த்து நிற்கும், நூல் அறும். பஞ்சாலைக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஈரப்பதப் பதிவேட்டில் ஒவ்வொரு மணிக்கும் 57, 58, 57 என்று அழகாக எழுதியிருந்ததால் அந்தப் பக்கமே நாங்கள் போகவில்லை.

ஈரப்பதமானியைத் தேடிப் போனேன். தூணுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. இரண்டு தெர்மாமீட்டர், அதில் ஒன்றின் முனையில் ஈரத் துணித் திரி சுற்றியிருக்க வேண்டும், திரியின் நுனி தண்ணீர்க் குப்பியில் இருக்க வேண்டும். குப்பி காலி. திரி காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. திரி காய்ந்தால் இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே அளவுதான் காட்டும், கணக்குப்படி அது நூறு சதவீத ஈரம். பதிவேட்டில் இருந்த 57 எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? மணிக்கு ஒரு முறை அங்கே நடந்துபோய், அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டு எழுத வேண்டிய அந்த ஆளுக்கு இன்னும் நாலு வேலை இருந்தது.

எந்த ஆபீஸானாலும் இதே கதைதான். பதிவேடு, எக்ஸெல் ஷீட், மீட்டிங்கில் காட்டும் படம், இவையெல்லாம் இன்னொருவர் பார்த்ததாகச் சொல்வது. வாடிக்கையாளர் கோபமாகப் பேசுகிறார் என்றால், நீங்களே ஒரு நாள் அந்தக் கவுன்டரில் வரிசையில் நில்லுங்கள். பிள்ளை படிக்க மாட்டேன் என்கிறான் என்றால், அவன் படிக்க உட்காரும் ஏழு மணிக்கு ஹாலில் டிவி எந்தச் சத்தத்தில் ஓடுகிறது என்று கேளுங்கள்.

படி 3: பிரச்சினை இல்லாத இடத்தைத் தேடுங்கள்

என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் அனேகமாக யாரும் செய்யாத படி இது. எல்லாரும் நோய் உள்ள இடத்தையே உற்றுப் பார்ப்பார்கள். நோய் இல்லாத பக்கத்து வீட்டைப் பார்க்கத் தோன்றாது.

1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வந்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கெட்ட காற்றால் நோய் பரவுகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். இறந்தவர்கள் வீடுகள் பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றியே இருந்தன. அதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதே தெருவில் இருந்த பீர் ஆலையில் எழுபது பேர் வேலை பார்த்தார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. விசாரித்தால், அவர்கள் குடித்தது பீர், ஆலைக்கென்று தனிக் கிணறும் இருந்தது. இன்னொரு பக்கம், தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை காலராவில் இறந்திருந்தார். அந்தப் பகுதியில் காலராவே இல்லை. விசாரித்தால், பழைய தெருவின் தண்ணீர்ச் சுவை பிடித்துப்போய் அந்தப் பம்பிலிருந்தே தினமும் தண்ணீர் வரவழைத்துக் குடித்திருக்கிறார். பக்கத்தில் இருந்தும் நோய் வராதவர்கள், தூரத்தில் இருந்தும் நோய் வந்தவர். இரண்டு விலக்குகளும் ஒரே பம்பைக் காட்டின. செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தானாகவே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் ஸ்னோவே எழுதி வைத்திருக்கிறார். தனக்குச் சாதகமில்லாததையும் எழுதுகிறவரின் கணக்கை நம்பலாம்.

வீட்டில் இப்படிக் கேட்டுப் பாருங்கள். கணவன் மனைவிக்குள் தினமும் சண்டை என்கிறீர்களா? சண்டை வராத நாட்களைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்றால், அன்றைக்கு என்ன இல்லை? ஆபீஸ் இல்லை, காலை அவசரம் இல்லை. டிஃபன் பாக்ஸும் இல்லை.

படி 4: 'ஏன்' கேளுங்கள், ஆனால் ஆளில் போய் நிற்காதீர்கள்

டொயோட்டா ஆலைகளில் ஒரு கோளாறுக்கு ஐந்து தடவை 'ஏன்' கேட்கும் பழக்கம் உண்டு. அந்த உற்பத்தி முறையை வளர்த்த தாயிச்சி ஓனோ இதைப் பிரபலமாக்கினார். நம் ஊர் ஆபீஸ்களிலும் இதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியிருந்தும் இரண்டாவது 'ஏன்'னிலேயே "அவன் கவனக்குறைவு" என்று முடிந்துவிடும். அது காரணம் மாதிரி தோன்றும். அவனை மாற்றிவிட்டு வேறு ஒருவனை அதே இடத்தில் நிறுத்தினால் அதே தவறு நடக்குமா என்று கேளுங்கள். நடக்கும் என்றால் நீங்கள் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறீர்கள்.

கதவைத் திறந்து வைத்தது ஏன்? பெட்டி ஏற்றும் தள்ளுவண்டியைத் தள்ள இரண்டு கையும் வேண்டும், கதவில் தானே மூடும் ஸ்பிரிங். வண்டி பாதியில் இருக்கும்போது கதவு வந்து முதுகில் அடிக்கும். லோடு ஏற்றுகிற பெரியவர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். அந்தச் செங்கல் அவருடைய பிரச்சினைக்கு அவர் கண்ட தீர்வு. ராத்திரியில் ஏற்றுவது ஏன்? பகலில் அந்தச் சாலையில் லாரி வர அனுமதி இல்லை. எங்கள் பிரச்சினை பலவற்றுக்கு வேர் இன்னொருவர் கண்ட தீர்வுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. செங்கல்லை மட்டும் எடுத்திருந்தால் அடுத்த நாள் ஒரு மரக்கட்டை வந்திருக்கும்.

காரணம் எப்போதும் ஒரே சங்கிலியாக வராது. எங்கள் விஷயத்தில் இரண்டு கிளை: காய்ந்த காற்று உள்ளே வந்தது ஒன்று, வந்ததை எங்களுக்குச் சொல்ல வேண்டிய கருவி செத்துக் கிடந்தது இன்னொன்று. ஒன்றை மட்டும் சரி செய்திருந்தால் அடுத்த வருடம் வேறு கதவு.

படி 5: இது யாருடைய பிரச்சினை?

அப்பா போனபின் அம்மா ஊரில் தனியாக இருந்தார். எனக்கும் தம்பிக்கும் ஒரு வருடம் பேச்சே சரியில்லை. நான் சொல்வேன், அவனுக்குப் பொறுப்பில்லை. அவன் சொல்வான், அண்ணன் பெரிய வீட்டை வைத்துக்கொண்டு கூப்பிட மாட்டேன் என்கிறார். ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் அங்கே என்று மாமா முன்னிலையில் ஒரு ஒப்பந்தம்கூடப் போட்டோம். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

பிற்பாடு ஒரு நாள் அவரோடு தனியாக இருந்தபோது, "நீங்க என்னம்மா நினைக்கறீங்க?" என்று கேட்டேன். "ஏங்கண்ணு, நான் எங்கயாச்சும் வாரேன்னு சொன்னேனா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி பொறகால கக்கூசுக்குப் போகத்தான் பயமா இருக்குது. அந்தப் படி வழுக்குது" என்றார்.

அம்மாவின் பிரச்சினை மூன்று படியும் ஒரு பல்பும். 'அம்மாவை யார் வைத்துக்கொள்வது' என்பது எங்கள் இரண்டு பேருடைய பிரச்சினை, அதில் பாதி ஊர் என்ன சொல்லும் என்ற கவலை. தம்பி அந்த மாதமே வீட்டுக்குள் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டினான், பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி, ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி. அம்மா அந்த வீட்டிலேயே இன்னும் ஐந்து வருடம் இருந்தார்.

ஆகவே எழுதும் காகிதத்தில் ஒரு வரி சேருங்கள்: இதனால் கஷ்டப்படுவது யார், அவரிடம் கேட்டாயிற்றா? கூடவே இன்னொன்றும் கேளுங்கள், இது தீர்க்கக்கூடியதுதானா? அம்மாவுக்கு வயதாவதற்குத் தீர்வு இல்லை. அப்பா இல்லாத வீட்டின் அமைதிக்கும் இல்லை. இவற்றைப் பிரச்சினைப் பட்டியலில் எழுதினால் தோற்றுக்கொண்டே இருப்போம். தனியாக எழுதி வையுங்கள், போய் உட்கார்ந்து பேசுங்கள், அது வேறு வேலை.

படி 6: மூன்று வழி எழுதி, சின்னதாக ஒன்றைச் செய்து பாருங்கள்

ஒரே வழி தோன்றினால் அதற்குப் பெயர் பிடிவாதம். இரண்டு வழி தோன்றினால் சண்டை, நீ ஒன்று நான் ஒன்று. அதனால் குறைந்தது மூன்று. அதில் 'ஒன்றும் செய்யாமல் விடுவது' என்பதையும் ஒரு வழியாக எழுதி, விட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். சில நேரம் அதுதான் மலிவு.

கதவுக்கு நாங்கள் யோசித்தவை: லோடிங் நேரத்தை மாற்றுவது, இரட்டைக் கதவு கட்டுவது, குளிர்பதனக் கிடங்குகளில் தொங்குமே அந்த மாதிரி பிளாஸ்டிக் பட்டைத் திரை போடுவது. முதலாவது எங்கள் கையில் இல்லை. இரண்டாவதுக்குப் பணமும் மூன்று மாதமும் வேண்டும். மூன்றாவதை ஒரு வாரத்தில் தொங்கவிட்டோம், வண்டி உள்ளே நுழையும், காற்று நுழையாது. ஒரு வாரம் மறுபடி கோடு போட்டேன். ஐந்து மிஷினும் மற்றவை போலானது. ஈரப்பதமானியைத் தூணுக்கு முன்பக்கம் மாற்றினோம், குப்பியில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று பெயர் எழுதி ஒட்டினோம். மெமோவைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டது மட்டும் நடக்கவில்லை. அதைத் தனியாகத் தீர்க்க எனக்கு அன்றைக்குத் தைரியம் போதவில்லை.

செய்து பார்க்கும்போது எதை அளக்கிறீர்கள் என்பதில் கவனம். 1902இல் வியட்நாமின் ஹனோயில் பிளேக் பயம். அங்கே ஆண்ட பிரெஞ்சு அரசு எலி ஒன்றுக்கு ஒரு சென்ட் தருவதாக அறிவித்தது, எலியைச் சுமந்து வர வேண்டாம், வால் போதும் என்றது. வால்கள் வந்து குவிந்தன. கொஞ்ச நாளில் தெருவில் வாலில்லாத எலிகள் ஓடின. வாலை மட்டும் நறுக்கிவிட்டு, குட்டி போடட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஊருக்கு வெளியே எலி வளர்க்கவும் தொடங்கிவிட்டார்கள். மாதாந்திர டார்கெட் போடும் எந்த மேலாளரும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எண்ணிக்கை குறையக் குறையப் புகார் செய்பவர்கள் குறைகிறார்களா, பிரச்சினை குறைகிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

அப்புறம், மறுபடி பார்க்கும் தேதியை அன்றைக்கே காலண்டரில் குறியுங்கள். எங்கள் வீட்டு மழைநீர்க் குழியை இப்போது வருடா வருடம் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் திறக்கிறோம்.

தெருவுக்கு வரும்போது: காகிதம்

வீட்டிலும் வேலையிலும் பேசித் தீர்க்கலாம். பொதுப் பிரச்சினைக்குக் காகிதம் வேண்டும், அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளும்.

ஓய்வு பெற்றபின் நான் குடியிருக்கும் தெருவில் மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர். எல்லாரும் சொன்னது, "ஆபீஸ்காரங்க சரியில்ல, புதுச் சாக்கடை கட்டணும்." குற்றவாளியும் தீர்வும் ஒரே வாக்கியத்தில். அடித்துவிட்டு எழுதினோம்: இருபது நிமிடம் நன்றாகப் பெய்தால் தெருவின் கீழ்க்கோடியில் ஆறு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. மேல்கோடியில் வருவதில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு எந்த வீட்டிலும் வந்ததில்லை. அப்படியானால் மூன்று வருடத்தில் மாறியது என்ன? சாலையைப் புதிதாகப் போட்டிருந்தார்கள், பழையதின் மேலேயே.

கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். தண்ணீர் நிரப்பிய ட்யூபின் ஒரு முனையைச் சாலையிலும் மறுமுனையைத் திண்ணையிலும் பிடித்தார். திண்ணையைவிடச் சாலை நான்கு அங்குலம் உயரம். சாக்கடை ஏற்கெனவே இருந்தது. தண்ணீர் இறங்க வேண்டிய வாய்கள் பதினொன்றில் ஏழு தாருக்கு அடியில். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசே அறிவுறுத்தியிருக்கிறது.

மனு எழுதுவதில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. தெருவிளக்கையும் நாய்த் தொல்லையையும் சேர்த்தால் எது எளிதோ அதைச் செய்துவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கதவு எண், தேதி போட்ட படம், அளவு. கையெழுத்து எத்தனை என்பதைவிட, ஒவ்வொரு கையெழுத்துக்கும் கதவு எண் இருப்பது முக்கியம். கடைசி வரியில் "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதாதீர்கள். ஆவன என்றால் எதுவும் ஆகலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். "மூடிய ஏழு வாய்களையும் திறந்து தர வேண்டும்" என்று எழுதுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், அல்லது ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்.

கொடுக்கும் இடங்கள்: உள்ளாட்சி அலுவலகம் முதலில். பிறகு கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். முதலமைச்சர் உதவி மையம் 1100. கிராம ஊராட்சி என்றால் கிராமசபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்தில் பேசினால் மட்டும் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும், உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். வராவிட்டால் 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பலர் தடுக்கி விழுவது கேள்வியில்தான். "ஏன் சாலையைச் சுரண்டவில்லை?" என்று கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பலாம். இந்தச் சட்டத்தில் ஆவணத்தைக் கேட்க வேண்டும். அந்தச் சாலையின் மதிப்பீட்டு நகல், பணி ஆணை நகல், அளவுப் புத்தகத்தின் பக்கங்கள். 'ஏன்' தானாக அதற்குள் இருக்கும்.

கடைக்காரரோடோ கம்பெனியோடோ சிக்கல் என்றால் பாதை வேறு. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சொத்து, கடன், விபத்து போன்ற வழக்குகளில் சமரசத்துக்கு மனம் இருந்தால் மக்கள் நீதிமன்றம். அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு இல்லை என்பதால், கையெழுத்துப் போடுமுன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து முடிவெடுங்கள்.

எங்கள் தெருவில் என்ன ஆயிற்று? மனுவுக்குப் பதில் இல்லை. தகவல் கேட்டு விண்ணப்பம் போன மூன்றாவது வாரம் இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து ஏழு வாய்களில் ஆறைத் திறந்தார்கள். ஏழாவது வாயின் மேல் ஒரு வீட்டுக்காரர் கார் ஏற்றச் சரிவு கட்டியிருந்தார். எங்கள் மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. ஐப்பசி மழையில் ஆறு வீட்டுக்குப் பதில் இரண்டு வீட்டில் மட்டும் தண்ணீர் வந்தது, இரண்டும் அந்தச் சரிவுக்குக் கீழே இருப்பவை. போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவர் வீட்டுத் திண்ணையில் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் நானும் உட்கார்ந்தோம். காபி வந்தது. ட்யூபில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கொத்தனாரும் வந்தார்.